பினாங்கில் என்னதான் இருக்கிறது?

இந்த ஜூன் மாதம் தென்காசி எல்லையைத் தாண்டுவதில்லை என்று தில்லைநாயகம் முடிவெடுத்தார். புது முடிவு ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து வருடா வருடம் எடுப்பதுதான். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் மனைவி, மகள், மோட்டார் பம்ப் கடை எதுவும் அவர் கண்ணில் படாது. காலையில் ஐந்தருவி. மாலையில் பழைய குற்றாலம். நடுவில் நேரமிருந்தால் கடை.

இந்த வருடம் அந்த முடிவுக்குச் சோதனை வந்தது. மனைவி ஆனந்தவள்ளியின் அண்ணன் முத்துச்செல்வம் மலேசியாவின் பினாங்கில் ஓட்டல் வைத்திருக்கிறார். வீட்டு வாசலிலேயே கடல். அவர் நச்சரிப்பில் எப்போதோ எடுத்த மூன்று பாஸ்போர்ட்டும் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன. மகள் அபர்ணா பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். "ஜூன் முழுக்க இங்கன வந்து இருங்க. மச்சானையும் கூட்டிட்டு வா தாயீ. ஒரு தடவகூட என் வாசப்படிய மிதிக்கல" என்று அண்ணன் போனில் சொன்னபோது ஆனந்தவள்ளிக்குக் கண் கலங்கியது. தில்லைநாயகம் அதைப் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டு, போகாமலிருக்கக் காரணங்களைத் தயார் செய்ய ஆரம்பித்தார்.

மறுநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தொண்டையைச் செருமினார்.

"வள்ளி, நான் வரல."

"சரி."

"கடைய யாரு பாக்கது?"

"அதான் சரின்னேன்லா."

"முட்டு வேற வலிக்கு."

"முட்டு வலியோட எதுக்கு அலையிய? இங்கனயே இருங்க. ரசம் ஊத்தட்டா?"

தில்லைநாயகம் திகைத்துப் போனார். சர்க்கரை, பிரஷர், ஜாதகத்தில் கடல் கண்டம் என்று கையில் இன்னும் சரக்கு இருந்தது. எல்லாம் வீணாய்ப் போயிற்று. ஜெயித்த சந்தோஷம் கை கழுவுகிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இவள் ஏன் சண்டை போடவில்லை?

அன்று சாயந்திரம் அடுப்படிப் பக்கம் போனவர் காதில் மனைவியின் குரல் விழுந்தது.

"இல்லண்ணே, அவியளுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். நான் வந்து பாத்துக்கிடுதேன்." இவர் தலையைப் பார்த்ததும், "சரி, வச்சிருதேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

"எனக்கு என்னட்டி தெரியாது?"

"ஒண்ணுமில்ல."

ஒரு மனைவி ஒண்ணுமில்ல என்று சொன்னால் குறைந்தது ஒரு லாரி லோடு இருக்கிறது என்று அர்த்தம். தில்லைநாயகத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதாவது, மூன்றாம் தரம் சோறு வாங்கவில்லை.

மகளை மடக்கினால் விஷயம் வந்துவிடும் என்று புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனார். அபர்ணா நாட்டுக்கோழி ஒரு பிளேட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாப்பா. ஆனா நீங்க மட்டும் அங்க வந்து பாத்தா அப்படியே அசந்து நின்னுருவீங்க."

"எதைப் பாத்து?"

"இன்னொரு புரோட்டா சொல்லட்டுமாப்பா?"

இன்னொன்று வந்தது. அதற்குமேல் இன்னொன்றும் வந்தது. விஷயம் மட்டும் வரவில்லை.

அருவிக் கூட்டாளி கௌரிசங்கரிடம் மனதைத் திறந்து காட்டினார். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணாச்சி, உங்க மச்சான் அங்கன இன்னொரு குடும்பம் கிடும்பம் வச்சிருப்பாரோ?"

"அவரு இருக்கிற குடும்பத்துக்கே முழிக்காருடே."

"அப்போ பாப்பாவுக்கு மாப்பிள்ள பாத்திருக்காவ."

"பதினேழு வயசுலயா? செருப்பு பிஞ்சிரும்."

"அப்போ என்னதான் இருக்கும்?"

"அதத்தானலே நான் உங்கிட்டக் கேக்கேன்!"

மே மாதக் கடைசி. அருவியில் நூல் மாதிரி மெலிதாக ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீரின் கீழே நின்று தில்லைநாயகம் யோசித்தார். அவர் யோசிக்கிற வேகத்துக்கு அருவியால் ஈடுகொடுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, தண்ணி நின்னு எவ்வளவு நேரமாச்சு? இன்னும் தலையத் தேய்ச்சிக்கிட்டு நிக்கிய" என்று கௌரிசங்கர்தான் துண்டைக் கொடுத்துக் கூட்டி வந்தான்.

வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். முறுக்கு, அதிரசம், சுக்கு, கருப்பட்டி இவற்றின் நடுவே பூப்போட்ட அரை டிரவுசர் ஒன்று புத்தம் புதிதாகக் கிடந்தது. முத்துச்செல்வம் ஒல்லி. இதற்குள் இரண்டு முத்துச்செல்வம் தாராளமாகப் புழங்கலாம்.

"இது யாருக்குட்டி?"

"அங்கன ஒருத்தருக்கு."

"யாரு அந்த ஒருத்தர்?"

"உங்களுக்கு எதுக்கு அது? நீங்கதான் வரலல்லா."

பொறுக்கவே முடியவில்லை அவருக்கு. கடையில் மோட்டார் கேட்டவருக்கு ஓஸ் பைப்பைக் கொடுத்தார், ஓஸ் கேட்டவரிடம், "பினாங்குல தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

கடைசியில், கிளம்ப இரண்டே நாள் இருந்தபோது, மேற்கே மலை தெரியாமல் மேகம் இறங்கிய அன்று காலை, முகத்தில் முதல் சாரல் பட்டது. வாசலில் கௌரிசங்கர் எண்ணெய் பாட்டிலும் துண்டுமாக பைக்கில் வந்து ஹாரன் அடித்தான். வருடம் முழுக்கக் காத்திருந்த ஹாரன் அது. தில்லைநாயகம் வாசலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கௌரிசங்கரைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"வள்ளி, எனக்கும் ஒரு டிக்கெட் இருக்குமான்னு பாரேன்."

"இந்நேரத்துல போய்க் கேட்டா?" என்று சலித்துக்கொண்டே அவள் போனைத் தடவினாள். தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க நல்ல நேரம், ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றாள்.

தில்லைநாயகம் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ரகசியத்தை அமுக்கப் பார்த்தாள் அல்லவா, நேரிலேயே போய்ப் பிடித்துவிடலாம்!

விமானத்தில் மூன்று பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாகவே அமைந்தது. அதையும் தன் நல்ல நேரம் என்றே நினைத்தார்.

பினாங்கில் முத்துச்செல்வம் அவரைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஆனந்தவள்ளி அண்ணனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் தில்லைநாயகம் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் அவருக்கு அப்போது வேறு வேலை இருந்தது. வீட்டை நோட்டம் விட்டார். மாடியைப் பார்த்தார். ஓட்டல் கல்லாவைப் பார்த்தார். மீன் குழம்பைத் தவிர ஒன்றும் சிக்கவில்லை. பூப்போட்ட டிரவுசரை ஆனந்தவள்ளி அவரிடமே நீட்டியபோது, அந்த ஒருத்தர் ஊரில் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துப் போட்டுக்கொண்டார். கச்சிதமாக இருந்தது.

ஒரு வாரம் போயிற்று. சாயந்திரம் கடற்கரையில் நின்றபோது கௌரிசங்கர் வீடியோ காலில் வந்தான். அவனுக்குப் பின்னால் ஐந்தருவி ஐந்தும் ஆர்ப்பரித்து விழுந்தது. "அண்ணாச்சி, இந்த மாதிரித் தண்ணி நான் பாத்ததேயில்ல!" என்று கத்தினான். தில்லைநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்பமாவது சொல்லுட்டி. இங்கன என்னதான் இருக்கு?"

ஆனந்தவள்ளி அலையில் கால் நனைத்தபடி நின்றாள்.

"ஒண்ணுமில்ல. அன்னைக்கே சொன்னேன்லா."

"ஒண்ணுமில்லையா? அப்போ போன்ல பேசுனது?"

"உங்க காதுல விழட்டும்னுதான் பேசுனேன். நீங்க வரணும்னு ஆசையா இருந்துச்சு. அண்ணனுக்கும்தான். வாங்கன்னு கெஞ்சியிருந்தா வந்திருப்பியளா? மூணு டிக்கெட்டையும் மார்ச்லயே போட்டாச்சு."

தில்லைநாயகம் கடலைப் பார்த்தார். கோபப்படலாம் என்று நினைத்தார், முடியவில்லை. பக்கத்தில் நிற்பவள் சந்தோஷமாக இருந்தாள். இருந்தாலும் ஆண்பிள்ளைக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"இதான் கடைசி. அடுத்த ஜூன்ல நீ என்ன சொன்னாலும் நான் தென்காசிய விட்டு நகர மாட்டேன், பாத்துக்கோ."

"நகர வேண்டாம். அடுத்த வருச விசயம் இத விடப் பெரிசு. உங்களுக்கு எதுக்கு அது?"

"அது என்னதுட்டி?" என்றார் தில்லைநாயகம்.