சுவரைத் தட்டிப் பார்த்தவர்

உக்குவளை ஹெர்பர்ட் ஞானரட்ணம் தட்டிப் பாராமல் எதையும் நம்பமாட்டார். தேங்காயைத் தட்டுவார், பாண் ரொட்டியைத் தட்டுவார், பூட்டிய கதவையும் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து தட்டுவார். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அப்பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடிக் கும்பல் வந்தபோது, அவரும் மனைவி மார்ஜரியும் படுக்கையறையைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருந்தனர். கும்பல் கூடத்துச் சாமான்களை அள்ளிக்கொண்டு, அறைக்கதவைத் தொடாமலே போனது. அது கர்த்தரின் கிருபை என்றாள் மார்ஜரி. ஆயினும் அன்றுமுதல் அவள் செருப்பைக் கழற்றாமலே உறங்கினாள்.

“இந்த ரூம் சுவருல ஒரு வாசல் வைங்க. குசினி அடுப்படி வழியா பக்கத்து ஸக்கரியா வீட்டுக்கு ஓடிறலாம்.”

“வைக்கலாம். கூரை இதுமேல நிக்குதான்னு பாக்க வேணாமா? அவனுககிட்ட தப்பி, நம்ம ஓட்டுக்கடியில சாகவா?”

சுவரைத் தட்டினார், சாந்து பெயர்ந்தது. செங்கல்லின் கனத்தை அறியத் துளையிட்டார். மண் பொலபொலவெனக் கொட்டி, துளை பானை வாயளவு பெருகியது. கூரை இறங்கிவிடுமென்றஞ்சிப் பலாமரக் கட்டையொன்றை முட்டுக்கொடுத்தார். முட்டு சீலிங் பலகையோடு ஓடுகளையும் கிளப்பியது. மழை கட்டிலின்மேல் பெய்தது.

“வாசல் மேல வந்திருச்சு,” என்றாள் மார்ஜரி. “பறக்கப் பழகிட்டா தப்பிச்சிறலாம்.”

வேறு வழியின்றி, சந்தியிலிருந்து சிங்கள மேசன் சோமதாச பாஸை அழைத்து வந்தார். பாஸ் சுவரை ஒருமுறை பார்த்தார்.

“உடைக்கலாம், மாத்தயா. இது சும்மா மறைப்புச் சுவரு.”

“ஏறிப் பாக்காம எப்பிடிச் சொல்றீங்க?”

“கூரை மரமெல்லாம் வெளிச்சுவருலதான் நிக்குது.”

“எனக்கு நம்பிக்கை இல்ல. ஏணி இருக்கு, ஏறுங்க.”

பாஸ் முற்றத்துக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“ஏறிப் பாத்ததுதான், மாத்தயா. அன்னைக்கு அவனுகளோட நானும் வந்தேன். ஓடு கழட்டி, பலகை இடுக்கால எட்டிப் பாத்தது நான்தான். கட்டிலுக்குக் கீழருந்து உங்க நோனா கால் வெளிய தெரிஞ்சிச்சு. உள்ளே ஆளில்லன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.”

மார்ஜரி இருந்த குசினியில் ஏதோ கீழே விழுந்த ஓசை கேட்டது. ஹெர்பர்ட் சுவரைத் தட்டக் கையை உயர்த்தி, தட்டாமலே இறக்கினார்.

“மார்ஜரி,” என்றார் பின்பு. “பாஸுக்குத் தேத்தண்ணி குடு. சுவரு இருக்கட்டும். நாம இந்த ஊர விட்டுப் போயிருவோம்.”