இது திருடப்பட்ட கருவி

அலுமினியத் தாளை லேப்டாப்புக்கு இரண்டாவது சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தார் அவசரம்.

"அதுக்குக் குளிருதா?" என்றாள் மனைவி.

"சிக்னல் வெளிய போகக் கூடாது. போச்சுன்னா ஆபீஸ்ல நான்தான் திருடன்."

அவசரம் என்பது ஆபீஸ் வைத்த பெயர். எந்த மீட்டிங்கிலும் கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு முதலில் கிளம்புபவர் அவர்தான். வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தோளில் லேப்டாப் பை இல்லை. தொலைத்துவிட்டேன் என்று மேனேஜரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. திங்கட்கிழமைதான் உதவி மேனேஜர் பதவி முடிவாகிறது. இரண்டு முரடர்கள் வழிமறித்தார்கள், கட்டிப்புரண்டும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று போனில் அளந்துவிட்டார்.

மேனேஜர் திட்டவில்லை. எப்படிப் பிடுங்கினார்கள், எங்கே அடித்தார்கள் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை, ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் மழைக்கோட்டுக்குள் பை கிடைத்தது. லேப்டாப்பை ஆன் செய்தார். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே கறுப்புத் திரையில் எழுத்து வந்தது: 'இது திருடப்பட்ட கருவி. இருக்குமிடம் பதிவாகிறது.'

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. அவர் மச்சானை வரவழைத்தார். ரிப்பேர் கடை வைத்திருந்த மச்சான் டிஸ்க்கைக் கழற்றிப் புதிதாக மாட்டினான். அதே எழுத்து.

"டிஸ்க்ல இல்ல மாமா, போர்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. நெட் குடுத்துப் பாப்போம்."

கொடுத்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து அவசரத்துக்கு மெசேஜ் வந்தது: திருட்டு லேப்டாப் உங்கள் தெருவில் காட்டுகிறது, கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

மச்சான் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே மறுபடி நெட் கொடுத்து இன்னொரு வித்தை செய்தான். திருடன் கடைவீதிக்கு நகர்ந்துவிட்டான், போலீஸுக்குச் சொல்லலாமா என்று அடுத்த மெசேஜ். போன வேகத்தில் மச்சான் திரும்பி வந்து, லேப்டாப்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம்தான் அலுமினியத் தாள்.

"கட்டிப்புரண்டவருக்கு ஒரு கீறல்கூட இல்லையே," என்றாள் மனைவி. நெற்றியில் ஒரு பிளாஸ்திரியும் ஒட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை, திருடனே மனம் மாறிப் போட்டுவிட்டுப் போன மாதிரி ஆபீஸ் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்துவிடத் திட்டம். குனிந்தார். பதவி போனால் போகட்டும் என்று நிமிர்ந்து, பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்தார். நேராக வாட்ச்மேனிடம் போய்த் தாளைப் பிரித்து நீட்டினார்.

"எவனும் பிடுங்கலப்பா. என் வண்டியிலதான் இருந்துச்சு. மேனேஜர்கிட்டயும் இதையேதான் சொல்லப் போறேன்."

ரொம்ப நாளைக்கு அப்புறம் நெஞ்சு லேசாக இருந்தது.

வாட்ச்மேன் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த எண்ணைத் தன் பதிவேட்டில் தேடிப் பார்த்தார்.

"இது உங்களுது இல்ல சார். பையும் லேப்டாப்பும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே. உங்களுது மீட்டிங் ரூம் மேசையிலயே கிடந்துச்சு. பூட்டறப்ப எடுத்து என் அலமாரில வெச்சேன்."

"அப்ப இது யாரோடது?"

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார்.

"மேனேஜரோடது. கையில கட்டோட இப்பத்தான் உள்ள போனார். அவர்கிட்ட பிடுங்கினது மூணு பேராம் சார்."