கரிசக்காட்டுக்குச் சிறுத்தை கிடைக்காமல் போன கதை

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்ததா, புலி மந்திரியாக இருந்ததா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து அந்தக் காட்டில் ஒரு ஹாக்கி டீம் இருந்தது. காட்டின் பெயர் கரிசக்காடு. டீம் எப்படி என்று கேட்டால்தான் கொஞ்சம் சங்கடம். சுற்றுவட்டாரத்தில் ஆறு காடு, ஆறு டீம். ஆண்டுப் போட்டியில் ஒன்பது வருடமாக ஆறாவது இடம் கரிசக்காட்டுக்குத்தான். வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததே கிடையாது.

இதற்காக அங்கே யாராவது அழுதார்களா? ஒருவரும் அழவில்லை. காரணம், ஆறு காட்டுப் பெரிய தலைகளும் கூடி ஒரு விதி வைத்திருந்தார்கள். போட்டி முடிந்ததும் புதிதாக ஆட வரும் இளசுகளை எல்லாம் வரிசையாக நிறுத்துவார்கள். கடைசி இடத்தில் வந்த டீம் முதலில் ஒருவரைப் பொறுக்கிக்கொள்ளலாம். அதற்கு 'முதல் தேர்வு' என்று பெயர். பாவம், தோற்றவன் அடுத்த வருடமாவது தேறட்டுமே என்ற நல்லெண்ணம். நல்லெண்ணத்தில் வைத்த விதியை வைத்துக்கொண்டு நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒன்பது வருடமும் முதல் தேர்வு கரிசக்காட்டுக்கு. அதனால் அந்த ஊர் ரசிகர்களுக்கு மேட்ச் பார்ப்பதைவிட, வரப்போகிற குட்டிகளைப் பற்றிப் பேசுவதில்தான் ருசி. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று ஒன்பது தடவை ஒன்பது குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பயிர் ஒன்றும் விளைந்தபாடில்லை. ஒரு வருடம் மயில் ஒன்றை எடுத்தார்கள். பந்து வரும்போதெல்லாம் அது தோகையை விரித்து நின்றது. அடுத்து கரடி தங்கையா. நாலே மேட்ச்சில் அவனை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவன் மைதான வாசலில் டீக்கடை போட்டுக்கொண்டான். 'வருங்காலமே வருக' என்று அவன் படத்தோடு வைத்த ஃப்ளெக்ஸ்தான் இப்போது அந்தக் கடைக்குக் கூரை. மழை பெய்தால் அவன் மூக்கு வழியாகவே ஒழுகும்.

அந்த டீக்கடையில்தான் ரசிகர்களின் கூட்டம். தலைவர் உடும்பு சொரிமுத்து அண்ணாச்சி. ஒரு கருத்தைப் பிடித்தால் உடும்புப்பிடிதான், விடமாட்டார். அவருக்கு வலது பக்கம் கொக்கு பேச்சியம்மா மதினி ஒற்றைக் காலில் நிற்பாள். எந்தக் குட்டிக்கு யார் தாய்மாமன், எந்தப் பாட்டனுக்கு எந்த முட்டியில் வலி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

போன வருடத்து முதல் தேர்வு கீரி செவந்தி. சின்னக் கீரிதான். ஆனால் குனிந்து ஓடினாள் என்றால் எதிராளியின் காலுக்குள் புகுந்து பந்தோடு வெளியே வந்துவிடுவாள். தேர்வு நாளன்று சொரிமுத்து அண்ணாச்சி கண் கலங்கிப்போனார்.

"ஏட்டி செவந்தி, நீ ஒரே ஒரு கோல் போடு. ஒன்னத் தோள்ல வச்சு இந்த மைதானத்த மூணு சுத்து சுத்தலேன்னா எம் பேரு சொரிமுத்து இல்ல!"

பாவம், அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டது. அந்த வருடம் முழுவதும் அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. ஒரு கோல், மூன்று சுற்று. ராத்திரி தூக்கத்தில்கூட மட்டையை இடுக்கிக்கொண்டுதான் படுப்பாள். ஆனால் கோச் கழுதை வேலாண்டி ஒவ்வொரு மேட்ச்சிலும் அவளைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் இறக்கினார். கேட்டால், "இளம்பிள்ள, கொஞ்சம் பழுக்கட்டும்" என்பார். ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? பந்தைத் தொடுவதற்குள் விசில் ஊதிவிடுவார்கள்.

போட்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது அண்ணாச்சியின் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பதினான்கு செகண்டு. அதில் வீரபாகு என்று ஒரு சிறுத்தைக் குட்டி. அடுத்த தேர்வுக்கு வரப்போகிற குட்டி. மட்டையால் பந்தை ஒரு தட்டுத் தட்டுகிறான். பந்து இடது பக்கம் உருளுகிறது. வலது பக்கப் புல்லிலிருந்து ஒரு காடை விருட்டென்று கிளம்புகிறது. வீரபாகு வலது பக்கம் பாய்கிறான். அத்தோடு வீடியோ முடிந்துவிட்டது.

டீக்கடையில் அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீயளா மதினி?" என்றார் அண்ணாச்சி. "பந்து எடது பக்கம் போகுது. இவன் வலது பக்கம் ஓடுதான்!"

"ஆமா, ஏன் அப்படி ஓடுதான்?"

"அதான் ஆட்ட அறிவு! பந்து பொறத்தால எவன் வேணும்னாலும் ஓடுவான். பந்தே இல்லாத எடத்துக்கு ஓடுததுக்கு ஒரு தைரியம் வேணும்லா?"

"கண்ணப் பாருங்க அண்ணாச்சி, கண்ண! என்னா குறி! அவன் தாய்மாமனும் இப்படித்தான் முறைப்பாரு" என்று பேச்சியம்மா உருகினாள்.

கரடி தங்கையா டீயை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, அந்தக் காட என்ன ஆச்சு?"

"எந்தக் காட?"

"வீடியோல பறந்துச்சே, அது."

"நீரு டீயப் போடும்வே. நாலு மேட்ச் ஆடிட்டு எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தர வந்துட்டீரு. நாங்க ஆட்டக்காரனப் பாத்துக்கிட்டு இருக்கோம், இவரு காடயப் பாக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையா தலையைக் குனிந்துகொண்டு டம்ளர் கழுவப் போனான்.

அன்றிலிருந்து அந்தப் பதினான்கு செகண்டுதான் காட்டுக்கே பேச்சு. அப்போதுதான் விபரீதம் ஒன்று தெரியவந்தது. அந்த வருடம் கரிசக்காடு மட்டும் மோசம் இல்லை, பக்கத்து மேலக்காடும் படுமோசம். இரண்டு டீமும் கடைசி மேட்ச்சில் மோதவேண்டும். ஜெயிக்கிற டீம் ஐந்தாவது, தோற்கிற டீம் ஆறாவது. சமமாக முடிந்தால் கோல் கணக்குப்படி கரிசக்காடு ஆறாவது. அதாவது, தப்பித்தவறிக்கூட ஜெயித்துத் தொலைக்கக் கூடாது. ஜெயித்தால் வீரபாகு மேலக்காட்டுக்குப் போய்விடுவான்.

"நம்ம டீம் ஜெயிக்காது, கவலப்படாதிய" என்றாள் பேச்சியம்மா.

"செவந்தி இருக்காளே" என்றார் அண்ணாச்சி. அவர் குரலே இறங்கிவிட்டது. "அந்த மூதிக்குக் கோல் போடணும்னு கிறுக்குல்லா புடிச்சிருக்கு."

போட்டார்கள் ஒரு மனு. 'இளம் வீராங்கனை செவந்தியின் உடல்நலம் கருதிக் கடைசி மேட்ச்சில் அவருக்கு முழு ஓய்வு அளிக்க வேண்டுகிறோம்.' டீக்கடையிலிருந்து ஆற்றங்கரை வரை கைரேகை வைக்க வரிசை நின்றது. சாரைப்பாம்பு முறை வந்தபோது கை இல்லையே என்று அரை மணி நேரம் தகராறு. கடைசியில் வால்ரேகை செல்லும் என்று முடிவானது. பயிற்சி முடிந்து அந்தப் பக்கம் வந்த செவந்தி வரிசையைப் பார்த்தாள்.

"என்ன மதினி இவ்வளவு கூட்டம்?"

"எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான் கண்ணு" என்றாள் பேச்சியம்மா.

செவந்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தனக்காக இத்தனை பேரா என்று வரிசையில் கடைசியாக நின்று, எழுதியிருந்ததைப் படிக்காமலே அவளும் ஒரு ரேகை வைத்துவிட்டுப் போனாள்.

மேட்ச் நாளன்று கோச் அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். "நான் நல்லாத்தானே இருக்கேன் சார், கடைசி அஞ்சு நிமிசமாவது விடுங்க" என்று அவள் கெஞ்சினாள். வேலாண்டி மனுவை எடுத்து விரித்தார்.

"நீயே ரேக வச்சிருக்கியே தாயி. நான் என்ன செய்ய?"

மேட்ச் ஆரம்பித்தது. அப்படி ஒரு மேட்ச்சை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலக்காட்டு ரசிகர்களுக்கும் வீரபாகு வேண்டுமே! மேலக்காட்டான் பந்தை எடுத்தால் கரிசக்காட்டு ரசிகர்கள் விசிலடித்தார்கள். கரிசக்காட்டான் எடுத்தால் மேலக்காட்டு ரசிகர்கள் கைதட்டினார்கள். நடுவர் நாரைக்கு எந்தக் கூட்டம் எந்த ஊர் என்றே குழம்பிவிட்டது. ஆடுகிறவர்களுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. நம்ம டீம் கேப்டன் வெள்ளாட்டுக்கிடா சின்னமாரி, என்றைக்கும் இல்லாத திருநாளாக இத்தனை பேர் கத்துகிறார்களே என்று உயிரைக் கொடுத்து ஓடினான். மேலக்காட்டு கோல் கீப்பர் முயல் ஒருத்தன், அவனும் வந்த பந்தையெல்லாம் தடுத்தான்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இன்னும் மூன்று நிமிடம். அண்ணாச்சி மனசுக்குள் சிறுத்தைக்கு ஃப்ளெக்ஸ் வாசகமே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது பார்த்து சின்னமாரிக்குக் கால் பிசகியது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். பெஞ்சில் இருந்தது செவந்தி ஒருத்திதான்.

கோச் மனுவைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். பத்துப் பேரோடு ஆடினால் வேண்டுமென்றே தோற்கப் பார்க்கிறார்கள் என்று நடுவர் எழுதி வைப்பார் என்று அவருக்குப் பயம். "போ தாயி. ஓரமா நில்லு. பந்து வந்தா தொடாத" என்றார்.

ஓரமாக நிற்கிற பிள்ளையா அது? வந்த பந்தைப் பறித்துக்கொண்டு குனிந்தாள். நரியின் காலுக்குள் புகுந்தாள். பன்றியின் வயிற்றுக்கு அடியில் வெளியே வந்தாள். "ஏட்டி, வேண்டாம்! விட்ரு! விட்ரு!" என்று அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்தினார். அவளுக்கு அது 'அடி, அடி' என்று உற்சாகப்படுத்துகிற மாதிரித்தான் தோன்றியிருக்கும். முயல் இடது பக்கம் சாய்ந்தான். அவள் வலது பக்கம் தட்டினாள். கோல்.

மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செவந்தி தன் ஊர் ரசிகர்களை நோக்கி ஓடி வந்தாள். வந்து அண்ணாச்சியின் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. தூக்கிக்கொள்வதற்குத் தோதாக இரண்டு கையையும் லேசாக அகற்றி வைத்துக்கொண்டாள்.

ஒருவரும் அசையவில்லை. பேச்சியம்மா மதினி தூக்கியிருந்த காலையும் கீழே வைத்துவிட்டாள். பின்னால் டீக்கடையில் கரடி தங்கையா மட்டும் கைதட்டினான். தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். எதிர்ப்பக்கம் மேலக்காட்டு ரசிகர்கள் ஆடிப்பாடிக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு" என்றார் அண்ணாச்சி. "எல்லாம் ஒன்னாலதான்ட்டி."

கூட்டம் கலைந்தது. செவந்தி அகற்றி வைத்த கையை எப்போது இறக்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. அழுதாள். நன்றாகவே அழுதாள். எனக்கே அதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

வீரபாகு மேலக்காட்டுக்குப் போனான். ஐந்தாவது இடத்துக்குக் கிடைத்த இரண்டாவது தேர்வில் கரிசக்காட்டுக்கு வந்தது ஒரு மரநாய். அதற்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. ஒரு மாதம் டீக்கடையில் சாவு வீட்டுக் களைதான். செவந்தி வந்தால் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவளுடைய பழைய ஃப்ளெக்ஸை விறகின்மேல் மூடி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் பேச்சியம்மா மேலக்காட்டுப் பக்கம் பறந்துவிட்டு இறக்கை படபடக்க வந்து இறங்கினாள்.

"அண்ணாச்சி, விசயம் தெரியுமா? மேலக்காட்டு டீம்ல இப்ப ஏழு பேருதான் இருக்காங்களாம்!"

"ஏன், என்ன ஆச்சு?"

"மொத நாள் பயிற்சிக்கு வீரபாகு வந்தானாம். மறுநாள் கோல் கீப்பர் முயலக் காணோம். லீவு லெட்டரும் இல்ல. அதுக்கு அடுத்த நாள் ரெண்டு வெள்ளாட்டக் காணோம். அப்புறம் இன்னும் ரெண்டு பேரக் காணோம். இன்னைக்குக் கோச்சையே காணோமாம்."

தங்கையா டீ ஆற்றுவதை நிறுத்தினான். காடை பறந்த வீடியோ அவன் மனசில் ஓடியிருக்கும். செவந்தி ஓரமாக நின்றபடி அண்ணாச்சியின் வாயையே பார்த்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லுவார், இந்த டீமில் எல்லோரும் உயிரோடு டீ குடிப்பது யாரால் என்று யாருக்காவது புரியும் என்று நினைத்தாள்.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏழு பேரா! ஏழு பேர வச்சு ஒரு மேட்ச் ஜெயிப்பானா அவன்? அப்ப அடுத்த வருசமும் கடைசி எடம் அவனுக்குத்தான். அடுத்த முதல் தேர்வும் அவனுக்கா? கொடுத்து வச்சவனுவ!"

"நமக்கு வந்திருக்க வேண்டிய புள்ள" என்று கேப்டன் சின்னமாரி, அதுதான் அந்த வெள்ளாட்டுக்கிடா, பெருமூச்சு விட்டான். "அவனும் நானும் சேந்து ஆடியிருந்தா எப்படி இருந்திருக்கும்!"

செவந்திக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு அலுத்துப்போனது. அப்போது அண்ணாச்சியின் போனில் அடுத்த வருடத்துக் குட்டி ஒன்றின் வீடியோ வந்து விழுந்தது. ஒன்பது செகண்டு. ஆற்றுக்குள் ஒரு முதலைக் குட்டி, வாயில் பந்து. எல்லாத் தலையும் போனுக்குள் கவிழ்ந்தன. செவந்தியும் மெல்ல இடுக்கில் புகுந்து எட்டிப் பார்த்தாள்.

"பந்தப் புடிச்சா விடமாட்டான் போல இருக்கே, அண்ணாச்சி. தாடை நல்லா இருக்கு" என்றாள்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தீயளா? புள்ளைக்கு என்ன ஞானம்! ஏட்டி செவந்தி, இப்பத்தான்ட்டி நீ ஆட்டக்காரி!"

அப்படியே அவளைத் தூக்கித் தோளில் வைத்தார். மேளம் அடிக்காத குறைதான். ஊரே பின்னால் ஓடிவர, மைதானத்தை மூன்று சுற்று சுற்றினார்.

நீதி: கோல் போட்டால் கூட்டம் கலையும்; வீடியோ பார்த்துக் கருத்துச் சொன்னால் தோளில் ஏற்றும். ஆடாய்ப் பிறந்தவர்கள் மட்டும் வீடியோவில் காடை எங்கே போனது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.