பதினாலாம் இலக்கத்துக்கு ஒரு பூசை

"இதெல்லாம் உயிரோடையோ?" நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் சிமியோன்.

"ஓம் அப்பா. கெதியாப் பாருங்கோ. உணவு மாத்தி உடனை சூட்டுப்பெட்டிக்குள்ளை வைக்கோணும்" என்றாள் மகள் லவீனா.

ஞாயிறென்றாலும் ஆய்வுகூடத்து உயிர்க்கலங்களுக்குப் பசிக்கும். அதனால் கோயிலில் பூசை முடிந்த கையோடு தகப்பனையும் கூட்டிவந்திருந்தாள். குருநகரில் நாற்பது வருடம் கடலுக்குப் போன சிமியோன் இப்படியொரு கடலைக் கண்டதில்லை. குடுவையின் அடியில், சூடை மீன் கூட்டம் ஒரே பக்கம் திரும்பியதுபோல, மெல்லிய நீள உடல்கள் ஆயிரமாயிரமாய்க் கிடந்தன.

"முழங்கால் குருத்தெலும்பிலை இருக்கிற மூல உயிர்க்கலம் அப்பா. இப்ப மற்றக் குடுவையைப் பாருங்கோ."

அதில் பாதிக்கு மேல் உருண்டு, செத்து மிதந்தன.

"ரெண்டும் ஒரே ஆளின்ரைதான். வாதம் வந்த மூட்டிலை இருக்கிற மாதிரி ரெண்டுக்கும் ஒரே நோயைத்தான் குடுத்தம். அப்ப உள்ளுக்கை ஒரு மரபணு 'சாவு, சாவு' எண்டு சொல்லத் தொடங்கும். முதல் குடுவையிலை அதின்ரை வாயை அடைச்சம். சாகிறது குறைஞ்சு, பெருகிறது கூடிட்டுது."

சிமியோன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"ஆற்றை முழங்கால் பிள்ளை?"

"தெரியாது. நான் இங்கை சேர முதலே ஆஸ்பத்திரியிலையிருந்து வந்து உறைய வைச்சது. பேர் இல்லை. இலக்கம் பதினாலு."

"ஆள் இருக்கிறாரோ?"

"அதுவும் எங்களுக்குத் தெரியாது."

தெரியாதென்றால் செத்துவிட்டார் என்றுதான் அர்த்தம் என்று சிமியோன் எடுத்துக்கொண்டார். ஆள் மண்ணுக்குள், முழங்கால் குடுவைக்குள் பெருகுகிறது! அந்த ஆன்மா எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் எவ்வளவு தவிக்கும்?

மறுநாளே பங்குச் சுவாமியார் கிறிஸ்ரோபரிடம் போனார்.

"செத்தவருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கோணும் சுவாமி."

"பேர்?"

"பதினாலு."

சுவாமியார் பேனாவைக் கீழே வைத்தார். "ஆண்டவருக்கு இலக்கம் போதும். என்ரை புத்தகத்துக்குப் பேர் வேணும்."

கடைசியில் 'சிமியோன் குடும்பத்தார் வேண்டும் ஓர் ஆன்மாவுக்காக' என்று எழுதினார். ஞாயிறு அது கோயிலில் வாசிக்கப்பட்டது. மத்தியானத்துக்குள் சிமியோன் வீடு செத்தவீடாகிவிட்டது. அயலில் இருக்கும் சின்னத்தங்கம் சீனியும் தேயிலையுமாக வந்து படலையிலேயே குரல் எடுத்தாள்.

"ஆர் அண்ணை போனது? கனடாவிலை இருக்கிற தம்பியோ?"

"ஐயோ, எங்கடை ஆக்கள் இல்லை. லவீனாவின்ரை ஆய்வுகூடத்திலை ஒருத்தர். ஆள் செத்திட்டார். முழங்கால் மட்டும் வளருது."

அழுகை சட்டென்று நின்றது.

"வளருதோ?"

"என்ரை கண்ணாலை பாத்தன்."

சின்னத்தங்கம் வீங்கிய முழங்காலைத் தடவினாள். "உங்களுக்கு ஆஸ்பத்திரியிலை இரும்பிலை முழங்கால் போட்டவை. அப்ப எனக்கு இதிலை ஒண்டு கேளுங்கோவன்."

திங்கட்கிழமை ஆய்வுகூட வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். முப்பத்துநாலு முழங்கால்கள்.

"இது மருந்தில்லை! குடுவையிலை செய்யிற சோதினை! உங்கடை காலுக்கு வர இன்னும் கனகாலம்!" என்று லவீனா தொண்டை வற்றக் கத்தினாள்.

மகளின் வேலைக்கு ஆபத்து வந்துவிட்டதென்று பதறி ஓடிவந்த சிமியோன், சனத்தைக் கலைக்கத் தன்னாலான உதவியைச் செய்தார்.

"அது செத்த ஆளின்ரை! காலிலை போட்டால் ஆவியும் சேந்து வரும்!"

பாதிப் பேர் ஓடினார்கள். மீதிப் பேர் ஆவியைப் பார்க்க உள்ளே புகுந்தார்கள்.

எல்லோரையும் வெளியேற்றியபின், நடந்ததற்கு விளக்கம் எழுதித் தரும்படி லவீனாவுக்கு உத்தரவு வந்தது.

"அப்பா, இனி இந்தப் பக்கம் வராதேங்கோ" என்றாள், கண் கலங்கி.

"வரேல்லைப் பிள்ளை. பதினாலிட்டை ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போறன்."

மறுக்க மனமின்றி அவள் முதல் குடுவையை நுணுக்குக்காட்டியில் வைத்தாள். சிமியோன் குனிந்தார். ஒரு வாரத்துக்குள் அடி முழுவதும் நிறைந்திருந்தது. நடுவில் ஒன்று மெல்ல உருண்டு, இடை சுருங்கி, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. சத்தமின்றி, ஒருவரும் ஏவாமல், உயிரிலிருந்து உயிர்.

"ஆண்டவரே, இவருக்கு இளைப்பாறுதல் குடும்" என்று முணுமுணுத்தார். கண்ணீர் வழிந்தது.

அந்த நேரம் புதிய மாதிரிகளோடு ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரித் தாதி செல்வநாயகி உள்ளே வந்தாள்.

"சிமியோன் அண்ணையோ? புது முழங்கால் எப்பிடி?"

"அது நல்லா நடக்குது தங்கச்சி. நான் அழுறது பதினாலை நினைச்சு. பாவம், நல்ல மனுசனா இருந்திருப்பார்."

செல்வநாயகி ஐஸ்பெட்டியை இறக்கி வைத்தாள்.

"ஒராளுக்கு அவரின்ரை சொந்த இலக்கத்தைச் சொல்லத் தடையில்லை அண்ணை. ஒப்பரேசனுக்கு முதல்நாள், வெட்டுற குருத்தெலும்பை ஆராய்ச்சிக்குக் குடுக்கிற தாளிலை வாசியாமல் கையெழுத்து வைச்சனீங்களே, பதினாலு நீங்கள்தான்!"