கர்ட் ஹால்வர்சனின் சிவப்புச் சைபர்

ஊர் மாறுவதை ஒரு விஞ்ஞானமாக உயர்த்திய முதல் மனிதர், மின்னசோட்டா மாநிலத்து டுலூத் நகரவாசி கர்ட் ஹால்வர்சன்தான். அவருக்கு முன் வாழ்ந்தவர்கள் வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பறவைகளைப் போலப் போனவர்கள். கணக்கில் சேர மாட்டார்கள்.

கர்ட்டுக்கு வயது ஐம்பத்தொன்று. குளிர்பதனக் கிடங்கு மேலாளர். டெக்சஸில் அதே வேலை கூடுதல் சம்பளத்துடன் வந்தபோது அவர் அவசரப்படவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து, நாற்பத்தோரு இனங்கள் கொண்ட 'ஒப்பீட்டு அட்டவணை' ஒன்றைத் தயாரித்தார். பனி அள்ளும் நேரம், கொசுவின் பருமன், ஒரு பை ஐஸ்கட்டியின் விலை, எல்லாம் அதில் இருந்தன. பதினேழாவது இனம், மாநில வருமான வரி. மின்னசோட்டாவுக்கு எதிரே கொழுத்த தொகை. டெக்சஸுக்கு எதிரே சைபர். அந்தச் சைபரைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். ஏற்கெனவே வட்டமாக இருப்பதை வட்டமிடவும் ஒரு மனவுறுதி வேண்டும்.

மனைவி மார்லிஸுக்கு டுலூத்தை விட்டுப் போக மனமில்லை. தங்கை அங்கே, தேவாலயப் பாட்டுக்குழு அங்கே, உறைந்த ஏரி அங்கே. கர்ட் அந்தச் சைபரின் மேல் விரல் வைத்து வாக்குக் கொடுத்தார்: மிச்சமாகும் வரிப்பணத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவள் விமானத்தில் ஊருக்கு வந்து போகலாம். அதை நம்பித்தான் அவள் புறப்பட்டாள்.

சொத்து வரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாங்கப்போகும் வீட்டின் பழைய ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு டாலர். 'டெக்சஸ் மக்களின் பெருந்தன்மை' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். ரசீதில் எண்ணைப் படித்தவர் பெயரைப் படிக்கவில்லை. விற்றவர் ஓபல் டிட்வெல் என்ற எண்பத்தெட்டு வயதுப் பெண்மணி. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களின் வரியில் பெரும்பகுதியை அந்த மாநிலம் மேலே ஏறாமல் உறைய வைத்துவிடும். ஓபல் அம்மையார் மகள் வீட்டுக்குப் போனபோது தம் வயதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரலில் மதிப்பீட்டுக் கடிதம் வந்தது. வீட்டின் மதிப்பு நாலு லட்சத்து இருபதாயிரம். உத்தேச வரி ஒன்பதாயிரத்து இருநூறு. மார்லிஸ் அதைப் படித்து, குளிர்பெட்டிக் கதவில் இருந்த அட்டவணையின் மேல் சரியாகச் சைபர் மறைகிற மாதிரி ஒட்டினாள். அதுவரை அவள் ஒரே ஒருமுறைதான் ஊருக்குப் போயிருந்தாள்.

அடுத்த வீட்டு ராய்ஸ் லாசிட்டர், எழுபது வயதுக்காரர், உள்ளூர் முறையை விளக்கினார். மே மாதம் எல்லாரும் வரியைக் குறைக்க மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் போய்த் தங்கள் வீட்டைத் தாங்களே கேவலப்படுத்திவிட்டு வருவார்கள். ஏப்ரலில் தெருவில் ஒருவரும் புல்லுக்குத் தண்ணீர் விடமாட்டார்கள். வேலிக்குப் பெயிண்ட் ஜூனில்தான்.

"தம்பி, சுவத்துல விரிசல் எதுனா இருக்கா?"

"இல்லை. நல்லாக் கட்டின வீடு."

"இதை வெளியில சொல்லிட்டுத் திரியாதே. விரிசலுக்குக்கூடக் கொடுத்துவைக்கலியே உனக்கு. வேணும்னா என் வீட்டு விரிசலை போட்டோ எடுத்துக்கோ."

கர்ட் நேர்மையானவர். மறுத்துவிட்டார்.

விசாரணை நாளன்று டை கட்டிக்கொண்டு போனார். மூன்று உறுப்பினர்கள். கொல்லைக் கதவு கிறீச்சிடுகிறது என்று தொடங்கி, ஆனால் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று தாமே முடித்தார். குழுத் தலைவி ஒரு தாளை எடுத்து நீட்டினார். வீடு வாங்கிய வாரம் கர்ட் இணையத்தில் போட்ட படங்கள் அதில் இருந்தன. மேலே அவரே கொடுத்திருந்த தலைப்பு: 'எங்கள் சொர்க்கம்'.

"வேற யாராவது பேசறீங்களா?" என்றார் தலைவி.

மார்லிஸ் எழுந்தாள்.

"அடுப்படில நின்னா ஹைவேல லாரிக்காரன் கியர் மாத்தறது கேக்குதுங்க. பத்து மணிக்கு மேல வெயில்ல கொல்லையில கால் வைக்க முடியாது. எட்டு மாசத்துல ஒருத்தர்கூட வந்து ஒரு வாய் காப்பி குடிச்சதில்லை. ரெண்டு பேருக்கு அஞ்சு ரூம். ஒவ்வொண்ணுலயும் போய் உக்காந்து பாத்துட்டேன், எதுலயும் எனக்கு ஒட்டலை. நாலு லட்சம்னு போட்டிருக்கீங்க. பாதி குடுத்தாலும் போதும், சாவி கைப்பையிலதான் இருக்கு."

ஒரு உறுப்பினர் கண்ணாடியைத் துடைத்தார். புகைப்படமே இல்லாமல் ஒரு வீடு இவ்வளவு இடிந்து விழுந்ததை அந்தக் குழு பார்த்ததில்லை. மதிப்பில் இருபதாயிரம் குறைத்தார்கள். வரியில் நானூற்று நாற்பது டாலர் மிச்சம்.

கார் நிறுத்துமிடத்தில் கர்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பிரமாதமா நடிச்சே, மார்லிஸ்."

"நடிச்சேனா?" என்று கேட்டுவிட்டு அவள் கைப்பேசியைப் பார்த்தாள். "டுலூத்துக்கு முந்நூத்தித் தொண்ணூறு ஆகுது. டிக்கெட் போட்டுட்டேன்."

"போக வரவா?"

"போக மட்டும்."

"திரும்பி வர?"

"உனக்கு அறுபத்தஞ்சு ஆகட்டும், கர்ட். வரி உறைஞ்சதும் சொல்லியனுப்பு."

வேறொருவராக இருந்தால் அழுதிருப்பார். கர்ட் பதினாலு வருஷம் என்று கணக்கிட்டார். அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்ததும் அட்டவணையைக் கழற்றி முதலிலிருந்து சரிபார்த்தார். கொசு இருந்தது. ஐஸ்கட்டி இருந்தது. நாற்பத்தோரு இனங்களில் மார்லிஸ் என்ற பெயர் எங்கும் இல்லை. குறை வைத்துப் பழக்கமில்லாத மனிதர், உடனே நாற்பத்திரண்டாவது இனத்தைச் சேர்த்தார்: சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார ஆள். டுலூத்துக்கு எதிரே ஒன்று என்று எழுதினார். டெக்சஸுக்கு எதிரே சைபர் போட்டார். பிறகு, பழக்க தோஷம், அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.