மாப்பிள்ளைக்குச் சத்தம் போகவில்லை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை நோண்டாமல் விட்டுவைக்கத் தனியாக ஒரு மனப்பக்குவம் வேண்டும். ஐம்பதைத் தாண்டியும் எனக்கு அது வரவில்லை. மிக்ஸி, மச்சானின் பைக், வீட்டு மின்விசிறி என்று என் கைபட்டுப் படுத்தவை பல. (மின்விசிறி இப்போதும் ஓடுகிறது. கொஞ்சம் சுற்றும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு மறுபடி சுற்றும்.) இதையெல்லாம் வீட்டில் மன்னித்துவிட்டார்கள். ஒரு விஜயதசமி அன்று நான் செய்ததை மட்டும் மன்னிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே சிரிக்கிறார்கள்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு பெயிண்ட் கடை. கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளாக எல்லோரும் வைத்திருப்பதைத்தான் நானும் முதலில் வைத்திருந்தேன். மாதம் ஒரு வைரஸ் வந்து தங்கிப் போனதால் வெறுத்துப்போய், வீடியோ பார்த்துப் பார்த்து லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளுக்கு மாறினேன். மாறியவன் சும்மா இருந்திருக்கலாம். புதிதாக மாலை போட்டவனைப் போல எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்ய ஆரம்பித்தேன். தின்னர் வாங்க வந்த லாரி டிரைவர் ஒருவர், நான் பேசி முடிப்பதற்குள் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் சொந்தபந்தத்துக்குள் ஒரு பெயர் கிடைத்தது. "கம்ப்யூட்டரா? அண்ணன்ட்ட கேளுங்க" என்று என் தங்கச்சி தங்கமணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுடைய மகள் ரஞ்சனிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சிவபெருமாள், கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். அப்பாவும் அம்மாவும் இங்கே பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையிலிருந்து வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ரஞ்சனிதான் பிடிகொடுக்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். ரத்தத்தையே சோதிக்காமல் நம்பாதவள்.

"ஒரு வார்த்தை பேசாம எப்படி மாமா சரிங்க முடியும்? அவர்ட்ட ரெண்டு விஷயம் கேக்கணும்" என்றாள்.

கப்பல் அப்போது சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. விஜயதசமி மத்தியானம் மட்டும்தான் வீடியோவில் பேசுகிற அளவுக்கு நெட் கிடைக்கும். சாயங்காலம் பிரேசிலுக்குக் கிளம்பினால் பிறகு ஒரு மாதத்துக்குப் பேச்சே கிடையாது. மாப்பிள்ளையின் அப்பாவோ, "அன்னைக்கே ஒரு முடிவு சொல்லிருங்க. இன்னொரு ஜாதகமும் கையில இருக்கு" என்று சொல்லியிருந்தார். ஆக, அந்த ஒரு மத்தியானம் போனால் வரனும் போச்சு.

"போன்லயே பேசிக்கிடட்டும் அண்ணே" என்றாள் தங்கமணி.

"போன்ல பேசுததுக்கு இது என்ன கேஸ் சிலிண்டரா? குடும்பமே உக்காந்து பெரிய டிவியில பாக்கணும்ளா. எங்க வீட்டுக்கு வாங்க. நான் இருக்கேன்."

(எங்கள் குடும்பத்தில் இதுவரை ஏற்பட்ட சேதங்களில் பெரும்பகுதி 'நான் இருக்கேன்' என்பதில்தான் ஆரம்பித்திருக்கிறது.)

முந்தின நாள் ஆயுத பூஜை. என் மனைவி ஜெயா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தாள். பிரிட்ஜ், கிரைண்டர், டிவி, கம்ப்யூட்டர், என் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் வரைக்கும் பொட்டு வைத்தாள். பூஜை முடிந்து சுண்டலும் தின்றாயிற்று. கம்ப்யூட்டரைப் பார்த்தால், புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாறிக்கொள்கிறாயா என்று கேட்டு ஒரு பெட்டி நிற்கிறது.

"பூஜையில வச்சத நாளைக்குத்தான் தொடணும்" என்றாள் ஜெயா.

"நான் எங்க தொடுதேன்? அது தானா மாறுது. நான் ஒரே ஒரு தட்டுதான் தட்டுதேன்."

"தட்டினாலும் தொட்டதுதான்."

அவள் மத்தியானத் தூக்கம் போட்டதும் தட்டினேன்.

வேலை ஜோராக நடந்தது. பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்டது: நீ செய்துவைத்திருக்கும் பழைய அமைப்பு அப்படியே இருக்கட்டுமா, புதிதாக வருவதைப் போடட்டுமா? விஜயதசமிக்கு முந்தின நாள் யாராவது பழசைக் கேட்பார்களா? புதுசு என்றேன். அடுத்த கேள்விக்கும் புதுசு. மூன்றாவதை வாசிக்கவே இல்லை. எல்லாம் முடிந்து திரை பளபளவென்று வந்தது. நிறத்தைப் பார்த்தே திருப்தி அடைந்துவிட்டேன். ஒரு பாட்டாவது போட்டுப் பார்த்திருக்கலாம். (பெயிண்ட் கடைக்காரன். நிறம் சரியாக இருந்தால் அதற்கு மேல் கேள்வி கேட்கத் தோன்றாது.)

மறுநாள் ஹாலில் எல்லோரும் கூடிவிட்டோம். ரஞ்சனி பட்டுச்சேலையில் நடுநாற்காலியில். அவளுக்கு இரண்டு பக்கமும் தங்கமணியும் அவள் புருஷனான என் மச்சானும். பின்னால் ஜெயா. கம்ப்யூட்டரை டிவியில் இணைத்துவிட்டு நான் கீபோர்டோடு, விமானம் ஓட்டுகிறவன் போல.

அழைப்பு போனது. மாப்பிள்ளை முகம் டிவி முழுக்க வந்தது. கப்பலின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். சிரித்தார். வாயை அசைத்தார்.

சத்தம் வரவில்லை.

திரையின் மூலையில் எங்கள் படம் தெரியவேண்டிய சின்னக் கட்டத்தில் செங்கல் நிறத்தில் ஏதோ ஒரு மங்கல்.

"என்ன மச்சான், நம்ம வீடு தீப்பிடிச்ச மாதிரில்லா தெரியுது" என்றார் மச்சான்.

நேற்று தட்டிய தட்டு எனக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் காட்டாமல், "கப்பல்ல நெட் சரியில்ல" என்றேன்.

"அப்ப நாம பேசுதது அவருக்குக் கேக்குமா?" என்றாள் தங்கமணி.

இந்த இடத்தில் 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் நான் மனிதன். "எப்படிக் கேக்கும்? வாரதும் போறதும் ஒரே பைப்தான். அடைச்சா ரெண்டு பக்கமும் அடைக்கும்" என்றேன்.

என் பைப்பை நம்பிக் குடும்பமே வாயைத் திறந்தது.

"போட்டோவுல முடி நெறைய இருந்துச்சே. நெத்தி ஏறிக்கிட்டே போகுது பாத்தீங்களா மைனி?" என்று ஜெயாவிடம் கேட்டாள் தங்கமணி.

"உப்புத் தண்ணியில குளிக்காரு போல" என்றாள் ஜெயா.

"முடி கெடக்கட்டும். அவங்க அப்பன் அன்னைக்குப் பேசுன பேச்சு இருக்கே. என்னமோ துறைமுகத்தையே அவருதான் தோண்டிக் குடுத்த மாதிரி" என்றார் மச்சான்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் தங்கமணி.

"எதுக்கு மெதுவா? அதான் உங்க அண்ணன் அடைச்சிருக்குங்காருல்லா?"

டிவியில் மாப்பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பாவம், தலைவலி போல" என்றாள் ஜெயா.

பிறகு அவர் இரண்டு கையையும் உயர்த்தி வேகமாக ஆட்டினார். தங்கமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மரியாத தெரிஞ்ச பிள்ள. கும்பிடுதான் பாரேன்." அவருக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிய ஒருவர் வந்து நின்றார். "சமையக்காரரு போல. அந்தத் தொப்பையப் பாத்தா கப்பல்ல சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இருக்காது" என்றார் மச்சான். தொப்பை மெதுவாகத் திரையை விட்டு நகர்ந்தது.

இதெல்லாம் நடக்கும்போது நான் பார்க்கவே இல்லை. திரையின் ஓரத்தில், கட்டளை தட்டுகிற கறுப்புக் கட்டத்தைத் திறந்து, தெரிந்ததையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். 'அப்படி ஒன்று இல்லை' என்றது. வேறு தட்டினேன். 'உனக்கு அனுமதி இல்லை' என்றது. (என் வீடு, என் கம்ப்யூட்டர், என் கரண்ட் பில்.) நெட்டில் தேடினேன். என் பிரச்சினை அச்சு அசலாக எங்கோ ஒரு புண்ணியவானுக்கு வந்து, பக்கம் பக்கமாகப் புலம்பியிருந்தார். ஆசையாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதியிருந்தார். எப்படிச் சரியானது என்று ஒரு வரி இல்லை. அந்த மனிதர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர் வீட்டு மின்விசிறியை நான் ஒருநாள் பார்த்துக்கொள்கிறேன்.

"செவப்பு எழுத்துல வருதே, என்னது அது?" என்றார் மச்சான்.

"எச்சரிக்கை."

"யாருக்கு? நமக்கா, அதுக்கா?"

நெற்றியிலிருந்து வியர்வை கீபோர்டில் சொட்டியது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஏதாவது கேட்பார்கள் என்பதால், "வயர்ல லூஸ் இருக்கும்" என்று சொல்லி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டேன். அங்கே ஒரு கோளாறும் இல்லை. தூசியும் நிம்மதியும்தான் இருந்தன. தங்கமணியும் ஜெயாவும் காபி போட உள்ளே போனார்கள். மச்சான் பீடி பிடிக்க வெளியே போனார். நான் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கெஞ்சினேன்: "ஏலே, மானத்த வாங்காதலே. நேத்து தட்டுனது தப்புதாம்லே. தெரியாமத்தான் எல்லாத்துக்கும் புதுசு புதுசுன்னுட்டேன். புள்ள கல்யாணம்லே..."

மேலே ரஞ்சனியின் குரல் கேட்டது. "மாமா, அவருக்கு நெசமாவே கேக்காதுல்லா?"

"கேக்காதும்மா. என்ன நம்பு."

நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு டிவியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"கேக்காதுங்கதாலதான் சொல்லுதேன். நான் வேலைய விட மாட்டேன். நீங்க கப்பல்ல இருக்க மாசமெல்லாம் உங்க வீட்டு வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது. கல்யாணம் ஆனா வேல எதுக்குன்னு உங்க அம்மா கேட்டாங்க. நான் சிரிச்சேன். அது சரிங்கிற சிரிப்பு இல்ல. எல்லாரும் இருந்தாங்க, வேற என்ன செய்யன்னு தெரியல. இதுக்கு நீங்க சம்மதிச்சா நான் சம்மதிக்கேன். இல்லன்னா அந்த இன்னொரு ஜாதகத்தப் பாருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்."

மூச்சு விட்டாள்.

"அப்புறம், நெத்தி ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல."

மேஜைக்கடியில் இருந்தபடி, இவ்வளவையும் ஒரு பிள்ளை மனதில் வைத்திருக்கிறது, சொல்லவேண்டியவனுக்குப் போய்ச்சேராதபடி நான் கெடுத்துவிட்டேனே என்று நொந்துபோனேன்.

"மாமா" என்றாள் திடீரென்று. "அவரு தலைய ஆட்டுதாரு."

"கப்பல் ஆடுதும்மா" என்றேன் கீழே இருந்து.

அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. எழுந்ததில் மேஜையின் அடிப்பலகை உச்சந்தலையில் இறங்கியது.

"அண்ணாச்சி, நான் சிவபெருமாள் பேசுதேன்."

"தம்பி! கூப்பிட்டதே நல்லதாப் போச்சு. உங்க கப்பல் நெட்டுல ஏதோ கோளாறு. சத்தமே..."

"எனக்கு நல்லாக் கேக்கு அண்ணாச்சி."

"எப்ப இருந்து?"

"முடி விஷயத்துல இருந்து."

மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "அப்பவே ஒரு போன் போட்டிருக்கலாமே தம்பி?"

"கையக் காட்டுனேன், கும்பிடுதேன்னுட்டாங்க. போன் கீழ ரூம்ல கெடந்துச்சு. எடுக்க எந்திரிக்கப் போனேன், அதுக்குள்ள அவங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க. நடுவுல எந்திரிச்சுப் போக மனசு வரல. இப்ப எங்க குக்குதான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தாரு. அவரு நம்ம ஊரு பக்கம், நாசரேத்துக்காரரு. நீங்க கீழ உக்காந்து கம்ப்யூட்டர்ட்ட பேசுனத மத்தவங்களுக்கும் இங்கிலீஷ்ல சொன்னாரு."

"எத்தன பேருக்கு?"

"அது எதுக்கு அண்ணாச்சி." கொஞ்சம் தயங்கினார். "இன்னும் ஒருத்தரையும் நான் பாக்கல. ஒரே செவப்பா இருக்கு. கேமரா மேல பொட்டு வச்சிருப்பாங்கன்னு குக் சொல்லுதாரு. ஒரு ஆயுத பூஜைக்கு அவரு பைக்க சர்வீசுக்கு விட்டப்ப ஹெட்லைட் மேலயே பொட்டு வச்சுக் குடுத்தாங்களாம்."

டிவிக்கு மேலே பார்த்தேன். கேமராவின் ஒற்றைக் கண்ணில், இம்மி விலகாமல், சந்தனம். அதன் நடுவில் குங்குமம். ஜெயா எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வாள்.

ரஞ்சனி எழுந்து போய் முந்தானையால் துடைத்தாள். மூலைக் கட்டத்தில் செங்கல் கலைந்து அவள் முகம் வந்தது. டிவியில் மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். போனிலும் பேச்சில்லை.

"தம்பி? இதுவும் அடைச்சிருச்சா?"

"இருக்கேன் அண்ணாச்சி. போன அவங்கட்ட குடுங்க."

போனை வாங்கிக்கொண்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். காபியோடு வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். தங்கமணி தட்டோடு தரையில் உட்கார்ந்தாள். பீடி பிடித்துவிட்டு வந்து அதைக் கேட்ட மச்சான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவங்க அப்பன் விஷயமுமா?" என்று கேட்டார். பிறகு டிவி முன்னால் போய் நின்று கைகூப்பி, "உங்க அப்பா தங்கமான மனுசன் தம்பி" என்றார். மாப்பிள்ளை அங்கே இல்லை. எந்த நாட்டுக்காரரோ ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மாடியிலிருந்து ரஞ்சனி இறங்கி வரும்போது காபி ஆறி ஆடை படிந்திருந்தது.

"சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"அவரு என்ன சொன்னாரு?" என்றாள் தங்கமணி.

"அவரு தலைய ஆட்டி அப்பவே சொல்லிட்டாரு. மாமாதான் கப்பல் ஆடுதுன்னுட்டாங்க."

மறுநாள் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். நான் புதுசு என்று சொன்ன கேள்வியில், டிவிக்குச் சத்தம் அனுப்ப நானே எழுதிவைத்திருந்த பழைய வரி போயிருந்தது. சத்தமெல்லாம் ஒன்றும் செருகாத ஒரு துளை வழியே காற்றில் போய்க்கொண்டிருந்தது. மைக்குக்கு ஒரு குறையும் இல்லை. போகிற பைப் வேறு, வருகிற பைப் வேறு. ஒரு வரியை மறுபடி எழுதியதும் டிவி அலறியது.

கல்யாணம் நடந்தது. ரஞ்சனி இன்றும் வேலைக்குப் போகிறாள். வேலை எதுக்கு என்று கேட்ட மாமியார், இப்போது தன் சுகர் டெஸ்டை அவள் கையால் எடுத்தால்தான் நம்புகிறார்.

எங்கள் சொந்தத்தில் இப்போது எவருக்காவது லேசில் வாயில் வராத உண்மையைச் சொல்லவேண்டியிருந்தால், முதலில் ஒரு அறிவிப்பு செய்துகொள்கிறார்கள்: "உங்களுக்குச் சத்தம் போகலன்னு வச்சுக்கிடுங்க." அதன்பிறகு என்ன சொன்னாலும் எதிரில் இருப்பவர் கோபப்படக் கூடாது. தலையை மட்டும் ஆட்டலாம். ரஞ்சனி கப்பலுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதே இப்படித்தானாம். இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவன் நான். கடையை மூடிவிட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஜெயா எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்குச் சத்தம் போகல" என்று ஆரம்பிக்கிறாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். கப்பல் ஆடவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.