சிக்ரியில் ஒரு நூல் அவிழ்க்கப் போன கதை

ஆக்ரா,
செவ்வாய் மாலை.

என் மூத்த சகோதரி குசும் ஜிஜ்ஜியின் பாதம் தொட்டு, தம்பி பிரஜ்நந்தன் எழுதிக்கொள்வது. இங்கே வயிறு தவிர மற்ற எல்லா வகையிலும் நலம். பரேலியில் தாங்களும், அத்தான் ஜீஜாஜியும், கல்யாணப் பெண்ணும், தங்கள் மூட்டுவலியும் எப்படி?

போன வருடம் என் மகள் வினீதாவுக்கு வரன் அமைய வேண்டி சிக்ரி தர்காவின் பளிங்குச் சல்லடைச் சன்னலில் நூல் கட்டினீர்கள். வரனும் அமைந்தது; ரயில்வே உத்தியோகம், எங்கோ தூரத்துக் கவுஹாத்தியில். வேண்டுதல் பலித்தபின், கல்யாணத்துக்கு முன் பெண்ணின் அப்பா போய் ஒரு நூலை அவிழ்த்தே ஆகவேண்டும் என்று என்னைத் துரத்தினீர்கள். துணைக்கு என் சிநேகிதர்கள் வாஹிதையும் மிஸ்ராவையும் அனுப்பியதும் தாங்கள்தான். எனவே நடந்ததற்கு யார் பொறுப்பு என்று தாங்களே தீர்மானிக்கவும்.

ரயிலை விட்டு இறங்கியதும் நேரே சிக்ரி பஸ்ஸைப் பிடிப்போம் என்று கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? தாஜ்மகாலைப் பார்க்காமல் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றான் வாஹித். அங்கே போனால், கும்மட்டத்தின் உச்சியை விரலால் பிடித்துத் தூக்குவதுபோல் அவனுக்கு ஒரு போட்டோ வேண்டுமாம். விரல் சரியாக வந்தால் அவன் தொந்தி மறைக்கிறது, தொந்தியை உள்ளே இழுத்தால் விரல் நழுவுகிறது, ஒரு பிலிம் சுருளே தீர்ந்தது. அடுத்து கோட்டை. ஷாஜஹானை மகன் சிறைவைத்த மாடத்தில் மிஸ்ரா உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. மகள் ஜஹானாரா மட்டும் கடைசிவரை அப்பாவோடேயே இருந்தாள் என்று வழிகாட்டி சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டான். வெளியே வந்ததும் வாஹித் கடை கடையாகப் பூசணி பேட்டா மிட்டாயை ருசி பார்த்தான். நான் மட்டும் நிலைகொள்ளாமல் கடிகாரத்தையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பஸ்ஸும் போயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய், பெரிய வாசலில் செருப்பைக் கழற்றி, கொதிக்கிற கல்லில் குதித்துக் குதித்து ஓடி, சாத்தப் போகிற நேரத்தில் நூலை என் கையாலேயே அவிழ்த்தேன். காரியம் முடிந்தது. நிம்மதியாக இருங்கள்.

வினீதாவுக்கு என் ஆசிகள். அவளை வெயிலில் அலையவிடாதீர்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
பிரஜ்நந்தன் சக்சேனா

பின்குறிப்பு: ஜிஜ்ஜி, இது வாஹித். தபாலில் போடச் சொல்லித் தங்கள் தம்பி ஒட்டாமல் கொடுத்தான், படித்துவிட்டேன், மன்னிக்கவும். காமிரா அவனுடையது. தொந்தியும் அவனுடையதே. பேட்டா தின்றதும் அவன்தான், வயிற்றைக் கேளுங்கள். மிஸ்ராவுக்குப் பெண் பிள்ளையே கிடையாது. அந்த மாடத்தில் உட்கார்ந்து ஜஹானாரா கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தது யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள்தான் அவனை பஸ்ஸில் தள்ளி ஏற்றினோம். சல்லடைக்குப் போய் ஒரு நூலைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான். “இத அவுத்துட்டா அவ போயிருவாளேடா” என்றான். நாங்கள் சமாதானம் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் பையிலிருந்து புது நூல் ஒன்றை எடுத்து அவன்பாட்டுக்குக் கட்டிவிட்டான். மாப்பிள்ளைக்குப் பரேலிக்கே மாற்றலாக வேண்டுமாம். நாளைக் காலையில் நூலை அவிழ்க்க மறுபடி சிக்ரிக்குக் கூட்டிப் போகிறோம். போகிற வழியில் தாஜ்மகாலை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டான்.